அழுத்தமும் ஓட்டமும்: மின்தடையும் மின்வலுவும் கணிக்கும் முறை

மகாவலி கங்கை பேராதனை, கட்டுகஸ்தோட்டை, தென்னகும்புர என்னும் இடங்களின் வழியே கண்டி மாநகரை மூன்று புறமும் வளைந்து செல்கின்றது. அவ்வாற்றினைப் பொல்கொல்லையில் மறித்துக் கட்டிய அணை 1976ஆம் ஆண்டிலும், தெல்தெனியவுக்கு அருகே எழுந்த விக்டோரியா அணை 1985ஆம் ஆண்டிலும் பயன்பாட்டுக்கு வந்தன. மலைச்சரிவில் வீழும் நீரின் வலு கம்பிகளின் வழியே சென்று, வீட்டில் விளக்கொளியாகவும் அடுப்பின் வெம்மையாகவும் தேயிலைத் தொழிற்சாலையில் சக்கரத்தின் சுழற்சியாகவும் மாறுகின்றது. கண்ணுக்குப் புலனாகாத இவ்வலுவை அளந்தறிவதற்கு அரிய கருவிகளோ உயர்ந்த கணிதமோ வேண்டுவதில்லை. அழுத்தம், ஓட்டம் என்னும் இரண்டு அளவீடுகளும், ஒரு பெருக்கலும் ஒரு வகுத்தலும் போதும். எனினும் அவ்வெளிய கணக்கை எவ்விடத்தில் எவ்வாறு செய்தல் வேண்டும் என்பதை அறியாமையால் நேரும் கேடு எளியதன்று. வீடுகள் எரிவதும் உயிர்கள் மாள்வதும் அதன் விளைவாதல் உண்டு.

இரு அளவீடுகள்

கடத்தியொன்றின் ஓரிடத்தை ஒரு செக்கனில் கடந்து செல்லும் மின்னேற்றத்தின் அளவே மின்னோட்டம் எனப்படும். ஒரு செக்கனில் ஒரு கூலோம் ஏற்றம் கடக்குமாயின் அவ்வோட்டம் ஓர் அம்பியர். அவ்வேற்றம் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்லும்போது ஒவ்வொரு கூலோமும் எவ்வளவு சக்தியைக் கையளிக்கின்றது என்பதைக் காட்டுவது அழுத்த வித்தியாசம். ஒரு கூலோம் ஒரு யூல் சக்தியைக் கையளிப்பின் அழுத்தம் ஓர் உவோற்று.

பொல்கொல்லையில் திருப்பப்படும் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தினூடே சென்று உக்குவளை மின்நிலையத்தில் வீழ்கின்றது. வீழ்ச்சியின் உயரம் மிகுதியாயிருந்தும் நீர் சொட்டுச் சொட்டாக வருமாயின் சக்கரம் சுழலாது. நீர் பெருகியிருந்தும் உயரம் இல்லையேல் அப்போதும் சுழலாது. உயரமும் நீரளவும் சேர்ந்த பெருக்கமே வலுவைத் தரும். மின்னியலில் உயரத்தின் இடத்தில் நிற்பது அழுத்தம். நீரளவின் இடத்தில் நிற்பது ஓட்டம். ஆயின் இவ்வுவமைக்கு ஓர் எல்லையுண்டு. சக்கரத்தைச் சுற்றிய நீர் ஆற்றோடு போய்விடும். மின்னோட்டமோ புறப்பட்ட இடத்துக்கே குறையாது மீளும். மின்கருவி ஓட்டத்தை உண்பதில்லை. ஓட்டம் சுமந்து வந்த சக்தியையே பெற்றுக்கொள்கின்றது.

இவ்விரண்டு அளவீடுகளிலிருந்து இரண்டு முடிவுகள் பிறக்கின்றன. அழுத்தத்தை ஓட்டத்தால் வகுக்கத் தடை வரும். அதன் அலகு ஓம். அழுத்தத்தை ஓட்டத்தால் பெருக்க வலு வரும். அதன் அலகு உவாற்று. கூலோமுக்கு இத்தனை யூல் என்பதை, செக்கனுக்கு இத்தனை கூலோம் என்பதால் பெருக்கின், செக்கனுக்கு இத்தனை யூல் என்பது கிடைக்கும். இதுவே வலுவின் பொருள். ஆகவே வகுத்தல் பொருளின் இயல்பைக் காட்டுகின்றது; பெருக்கல் அப்பொருள் அவ்வேளையில் ஆற்றும் செயலைக் காட்டுகின்றது.

ஓம் என்னும் ஆசிரியர்

இவ்வகுத்தலுக்கு ஒரு நிலையான பொருளுண்டு என்பதை முதன்முதல் ஒழுங்குபெற நிறுவியவர் ஜோர்ஜ் சைமன் ஓம் (1789–1854) என்னும் ஜேர்மானியர். பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மைந்தராகிய அவர் கொலோன் நகரப் பாடசாலையொன்றில் கணிதமும் பௌதிகவியலும் கற்பித்து வந்தார். அக்காலத்து மின்கலங்களின் அழுத்தம் நிலைத்து நில்லாமையால், வெப்பநிலை வேறுபாட்டினால் மின்னைத் தரும் உலோக இணைப்பைத் தம் பரிசோதனைக்குக் கொண்டார். வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளூடே ஓட்டத்தை அளந்து பெற்ற முடிபினை 1827இல் நூலாக வெளியிட்டார். தாய்நாட்டில் அந்நூல் முதலிற் போதிய மதிப்பைப் பெறவில்லை. 1841இல் இலண்டன் அரச கழகம் கொப்ளி பதக்கம் வழங்கிச் சிறப்பித்தது. மியூனிக் பல்கலைக்கழகத்தில் அவர் பேராசிரியரானது 1852இல். அதன்பின் ஈராண்டிலேயே அவர் மறைந்தார். 1881இல் பாரிசிற் கூடிய மின்னியலாளர் மாநாடு தடையின் அலகுக்கு அவர் பெயரைச் சூட்டியது.

ஓமின் விதி கூறுவது யாதெனின், வெப்பநிலை முதலிய நிலைமைகள் மாறாதிருப்பின், உலோகக் கடத்தியின் ஊடே செல்லும் ஓட்டம் அதன் முனைகளுக்கிடையேயுள்ள அழுத்தத்துக்கு நேர்விகிதசமமாகும் என்பதே. "நிலைமைகள் மாறாதிருப்பின்" என்னும் தொடர் அலங்காரத்துக்காகச் சேர்க்கப்பட்டதன்று. அதன் வலிமை பின்னர்ப் புலப்படும்.

ஒரு கேத்தலின் கணக்கு

இலங்கையில் வீடுகளுக்கு வழங்கப்படும் அழுத்தம் 230 உவோற்று. அடியில் 2,000 உவாற்று எனப் பொறிக்கப்பட்ட மின்கேத்தலொன்றை எடுத்துக்கொள்ளின், 2,000 ÷ 230 = 8.7 அம்பியர் அதன் ஓட்டம். 230 ÷ 8.7 = 26.45 ஓம் அதன் தடை (ஓட்டத்தின் தசமங்களைச் சுருக்காது வகுத்தது).

கண்டி நகர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருத்தலின் இங்கு நீர் 98 பாகை செல்சியசு அளவிலேயே கொதித்துவிடும். 22 பாகையிலுள்ள ஒரு இலீற்றர் நீரைக் கொதிக்கச் செய்ய 4,200 × 76 = 319,200 யூல் வேண்டும். வெளியே இழக்கப்படும் வெப்பத்தை விடுப்பின், இக்கேத்தலுக்கு வேண்டுங் காலம் 160 செக்கன். மாலை வேளையில், மின்மாற்றியிலிருந்து நெடுந்தொலைவிலுள்ள மலைக்கிராமத்தில் அழுத்தம் 207 உவோற்றாகத் தாழ்ந்தது எனக் கொள்வோமாயின், கேத்தலின் தடை மாறாமையால் ஓட்டமும் அதே விகிதத்திற் குறையும். 207 × 207 ÷ 26.45 = 1,620 உவாற்று. அழுத்தம் நூற்றுக்குப் 10 குறைய வலு நூற்றுக்கு 19 குறைகின்றது. நீர் கொதிக்க 197 செக்கன் செல்கின்றது. ஆயினும் செலவாகும் சக்தி இரு வேளையிலும் ஏறக்குறைய ஒன்றே. ஆதலின் தாழ்ந்த அழுத்தத்தாற் பட்டியற்பணம் குறையும் என்று கருதுதல் தவறு. பணம் செலுத்தப்படுவது வலுவுக்கன்று. வலுவும் காலமும் பெருகிய சக்திக்கே. ஒரு கிலோவாற்று ஒரு மணிநேரம் செயற்படுவதே பட்டியலில் ஓர் அலகு எனக் குறிக்கப்படுகின்றது.

இங்கு மாணவர் பலரை மயக்கும் ஓர் ஐயம் எழும். வலுவானது ஓட்டத்தின் வர்க்கத்தைத் தடையாற் பெருக்கவும் வரும். அழுத்தத்தின் வர்க்கத்தைத் தடையால் வகுக்கவும் வரும். முதலாவது சூத்திரத்தின்படி தடை கூட வலு கூடும். இரண்டாவதன்படி தடை கூட வலு குறையும். இவற்றுள் எது மெய்? இரண்டும் மெய்யே. எந்த அளவு மாறாது நிற்கின்றது என்பதே வினாவின் உயிர். வீட்டின் மின்வழங்கலுக்கு நேரே பொருத்தப்படும் கருவிகள் யாவும் ஒரே அழுத்தத்தைப் பெறுவன. அவற்றுள் தடை குறைந்ததே வலு மிக்கது. ஆனால் ஒரு கருவிக்குச் செல்லும் கம்பியும் அக்கம்பியின் இணைப்புகளும் அக்கருவியோடு தொடராக அமைந்தவை. அவற்றினூடே செல்லும் ஓட்டத்தைப் பெரும்பாலும் நிருணயிப்பது கருவியே. அவ்வாறு ஓட்டம் ஒன்றாயிருக்குமிடத்துத் தடை மிகுந்த இடமே மிகச் சூடாகும். இவ்வேறுபாட்டை உணர்ந்தவன் மின்னியலின் பாதியை உணர்ந்தவன் எனலாம்.

அளத்தலில் அவதானம்

அம்பியர்மானி சுற்றில் தொடராக இடப்படுவது. ஓட்டத்தைத் தடுக்காதிருத்தற்பொருட்டு அதன் தடை மிகச் சிறிது. உவோற்றுமானி அளக்கப்படும் பொருளுக்குச் சமாந்தரமாக இடப்படுவது. ஓட்டத்தைத் தன்பால் ஈர்க்காதிருத்தற்பொருட்டு அதன் தடை மிகப் பெரிது. இரண்டையும் மாற்றி இடுதல் கருவியைக் கெடுப்பதோடு ஆபத்தையும் விளைக்கும்.

முறைப்படி இட்டபோதும் பிழை நேர்தல் கூடும். 10,000 ஓம் தடையொன்றை 5 உவோற்று மின்கலத்தோடு இணைத்து, 10,000 ஓம் தடையுள்ள பழைய அசையுஞ்சுருள் உவோற்றுமானியை அதற்குச் சமாந்தரமாக இட்டால், ஓட்டத்தின் பாதி மானியினூடே சென்றுவிடும். அம்பியர்மானி காட்டுவது 1 மில்லியம்பியர். 5 உவோற்றை அதனால் வகுக்க வருவது 5,000 ஓம்; மெய்யளவிற் பாதி! கணக்கில் வழுவில்லை, அளந்த பொருளே வேறு. இக்காலத்து இலக்கப் பல்மானிகளின் தடை பெரும்பாலும் பத்து மில்லியன் ஓம் அளவாதலின் இப்பிழை மிகவும் குறைந்துவிடுகின்றது.

மற்றொரு புதிர், இழைமின்குமிழ் பற்றியது. 230 உவோற்றில் 60 உவாற்றுக் குமிழின் ஓட்டம் 0.26 அம்பியர், தடை ஏறத்தாழ 880 ஓம். அதே குமிழைக் கழற்றிப் பல்மானியால் அளப்பின் 60 ஓம் அளவே காணப்படும். அணைந்திருக்கும் தங்குதன் இழை அறையின் வெப்பநிலையில் இருப்பது. எரியும் இழையோ 2,400 பாகையையும் கடந்தது. வெப்பம் ஏற ஏற உலோகத்தின் தடையும் ஏறுகின்றது. "நிலைமைகள் மாறாதிருப்பின்" என்ற தொடரின் பொருள் ஈண்டு விளங்கும். ஆளியை அழுத்தும் கணத்திற் குளிர்ந்த இழையினூடே வழக்கத்தினும் பன்மடங்கு ஓட்டம் பாய்வதாலேயே, பழைய குமிழ்கள் ஏற்றும் வேளையில் அடிக்கடி அறுந்து போயின. இந்நாளில் இழைமின்குமிழின் இடத்தைப் பிடித்துள்ள எல்.ஈ.டி. விளக்கு ஓமின் விதிக்கு அடங்குவதன்று. அதற்குத் தடையொன்றைக் கணித்து அதனைக் கொண்டு வேறோர் அழுத்தத்தில் ஓட்டத்தை எதிர்பார்த்தல் பொருந்தாது.

ஆடலோட்டத்திற் சுழலும் மோட்டர்களுக்கு இன்னுமொரு திருத்தம் வேண்டும். அவற்றில் அழுத்தமும் ஓட்டமும் ஒரே கணத்தில் உச்சத்தை அடைவதில்லை. ஆதலின் இரண்டின் பெருக்கத்தை வலுக்காரணி என்னும் பின்னத்தாலும் பெருக்குதல் வேண்டும். மும்முனை வழங்கலாயின் 1.732 என்னும் எண்ணும் சேரும். கண்டியைச் சூழ்ந்த தேயிலைத் தொழிற்சாலையொன்றில் கொழுந்தை வாடவைக்கும் விசிறிகளும் உருட்டும் பொறிகளும் 400 உவோற்றில் 30 கிலோவாற்று வலுவைப் பெறுவதாகக் கொள்ளின், வலுக்காரணி 0.75 ஆயிருக்கும்போது ஓட்டம் 57.7 அம்பியர். கொள்ளளவிகளைப் பொருத்தி அக்காரணியை 0.95 ஆக உயர்த்தினால் 45.6 அம்பியர். வேலை ஒன்றே, ஆயினும் முன்னைய நிலையிற் கம்பிகளில் வீணாகும் வெப்பம் பின்னையதன் 1.6 மடங்கு.

விக்டோரியாவிலிருந்து வீட்டுக்கு

கம்பியில் விளையும் வெப்பம் ஓட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும் என்பதை ஆங்கிலேய விஞ்ஞானி யூல் 1840களின் தொடக்கத்திற் பரிசோதனையால் நிறுவினார். மின் செலுத்துகையின் அமைப்பு முழுவதும் இவ்வுண்மையின்மேல் நிற்கின்றது.

நூறு கிலோவாற்று வலுவை ஒரு கிராமத்துக்கு அனுப்புதல் வேண்டும். போகவும் வரவும் உள்ள கம்பிகளின் மொத்தத் தடை ஓர் ஓம் என்க. 230 உவோற்றில் அனுப்ப முயலின் வேண்டும் ஓட்டம் 435 அம்பியர். ஓர் ஓம் கம்பியில் அவ்வோட்டத்துக்கு வேண்டும் அழுத்தமே 435 உவோற்று! இருப்பதோ 230. ஆகவே அது நடவாத காரியம். அக்கம்பிகளின் வழியே 230 உவோற்றில் மறுமுனை பெறத்தக்க உச்ச வலு ஏறத்தாழ 13 கிலோவாற்று மட்டுமே. அப்போதும் அதேயளவு வலு கம்பியில் வெப்பமாய்ப் போகும். 11,000 உவோற்றில் அனுப்பினாலோ ஓட்டம் 9.1 அம்பியர், இழப்பு 83 உவாற்று, அனுப்பியதில் ஆயிரத்தில் ஒரு பங்குமன்று.

விக்டோரியா மின்நிலையத்தில் 70 மெகாவாற்று வலுவுள்ள பொறிகள் மூன்று உள. அவற்றின் மின் 220 கிலோவோற்றுக் கம்பிகளால் கொத்மலை வழியே கொழும்புக்கு அண்மையிலுள்ள பியகம வரை செலுத்தப்படுகின்றது. ஒரு பொறியின் முழுவலுவையும் அவ்வழுத்தத்தில் அனுப்ப ஒவ்வொரு கம்பியிலும் வேண்டும் ஓட்டம், வலுக்காரணி ஒன்றெனக் கொண்டால், 184 அம்பியர் அளவே. 400 உவோற்றில் அனுப்புவதாயின் ஓரிலட்சம் அம்பியருக்கு மேல் வேண்டும். பின்னர் 33 கிலோவோற்று, 11 கிலோவோற்று எனப் படிப்படியாக அழுத்தம் தாழ்த்தப்பட்டு வீட்டு வாயிலை அடைகின்றது. 1918இல் நீர்மின் பற்றிய தம் ஆய்வுரையால் வழிகாட்டிய பொறியியலாளர் விமலசுரேந்திர கண்ட கனவு, 1950இல் இலக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியபோது நனவாயிற்று. மலையில் வீழும் நீரைக் கொண்டு தொலைநகருக்கு ஒளியூட்டலாம் என்ற அக்கனவுக்கு அடித்தளம் இவ்வெளிய வர்க்கக் கணக்கே.

உருகி காணாத தீ

ஆயிரக்கணக்கான உவோற்றுகளைச் சுமக்கும் கம்பிகளிற் பொறியியலாளர் செய்யும் கணக்கை, வீட்டுக்குள் செய்வார் இல்லை. கேடு நுழைவது அங்கேதான்.

சதுர மில்லிமீற்றரில் 0.75 பரப்புள்ள செப்பிழைகளாலான பத்து மீற்றர் நீட்டிப்புக் கம்பியொன்றை நோக்குக. போக்கும் வரவுமாக அதன் தடை 0.46 ஓம். இத்தகைய கம்பியில் 6 அம்பியருக்கு மேற் செலுத்துதல் தகாது. அதன் மறுமுனையில் 2,000 உவாற்றுக் கேத்தல், 1,000 உவாற்று மின்னழுத்தி, 700 உவாற்று ரைஸ் குக்கர் ஆகிய மூன்றும் ஒருங்கே இயங்கினால் ஓட்டம் 3,700 ÷ 230 = 16.1 அம்பியர். கம்பியில் எழும் வெப்பம் 119 உவாற்று. 4 அம்பியர் மட்டும் செல்லும்போது அது 7 உவாற்றுச் சொச்சமே. ஓட்டம் நான்கு மடங்காக, வெப்பம் பதினாறு மடங்காயிற்று. சுருட்டியோ விரிப்பின் கீழோ கிடக்கும் கம்பியிலிருந்து அவ்வெப்பம் வெளியேற வழியில்லை. 70 பாகைக்கு மேல் நெடுநேரம் தாங்காத பீ.வீ.சி. உறை மெலிந்து உருகும். தகுந்த அளவான உருகியோ சுற்றுடைப்பானோ இருப்பின் இவ்வாபத்தைத் தடுக்கும்.

இதனினும் கொடியது இன்னொன்று. ஒரு குதையின் உள்ளே திருகாணி தளர்ந்து, அல்லது கம்பிகளைக் கையால் முறுக்கிச் சேர்த்த இடம் கறுத்து, அரை ஓம் தடை உண்டாயிற்று எனக் கொள்க. கேத்தலை இணைக்கும்போது மொத்தத் தடை 26.95 ஓம், ஓட்டம் 8.53 அம்பியர். கேத்தல் பெறும் வலு 1,925 உவாற்று. நூற்றுக்கு நான்கே குறைவு. நீர் சில செக்கன் தாழ்த்துக் கொதிக்கும். ஒருவரும் அதனை உணரார். ஆனால் அத்தளர்ந்த இணைப்பில் எழும் வெப்பம் 8.53 × 8.53 × 0.5 = 36 உவாற்று. ஈயம் உருக்கிப் பற்றாசு வைக்கும் சூட்டுகோல் ஒன்றின் வலு ஏறத்தாழ அவ்வளவே! சுவருக்குள்ளோ கூரைப் பலகைக்கு அருகிலோ மறைந்திருக்கும் ஒரு புள்ளியில் ஒரு சூட்டுகோல் ஓயாது எரிவதற்கு அது ஒப்பாகும்.

இங்கே உருகி உதவாது. உருகியும் சுற்றுடைப்பானும் காப்பது மிகையோட்டத்தினின்று. தளர்ந்த இணைப்போ ஓட்டத்தைக் கூட்டுவதில்லை, குறைக்கின்றது. ட்ரிப் சுவிட்ச் என வழங்கும் மீதியோட்டச் சுற்றுடைப்பானும் இதனைக் காணாது. அது காண்பது போன ஓட்டத்துக்கும் மீண்ட ஓட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே. அப்பணியில் அது இன்றியமையாதது. மழையில் நனைந்த உடலின் தடை ஆயிரம் ஓம் அளவாகக் குறைதல் கூடும். அப்போது 230 உவோற்றில் உடலூடே செல்லும் ஓட்டம் 0.23 அம்பியர். வீடுகளில் வழக்கமாகப் பொருத்தப்படும் மீதியோட்டச் சுற்றுடைப்பான் 0.03 அம்பியர் வேறுபாட்டிலேயே சுற்றை அறுத்து உயிரைக் காக்கும். ஆயினும் தளர்ந்த இணைப்பிற் போன ஓட்டம் முழுதும் மீள்கின்றது. ஆகவே அது வாளாவிருக்கும்.

மலையகத் தோட்டங்களில் லயன் அறைகள் தீக்கிரையான செய்திகளில் "மின் ஒழுக்கு" என்னும் சொல் அடிக்கடி இடம்பெறுகின்றது. ஒரே கூரையின்கீழ் வரிசையாய் அமைந்த அவ்வறைகளுட் பல, மின்சாரம் வருமுன்னரே கட்டப்பட்டவை. ஓரறையிற் பிடித்த தீ வரிசை முழுவதையும் கொண்டுபோதல் உண்டு. ஒழுக்கு, மிகையோட்டம், தளர்ந்த இணைப்பு ஆகிய மூன்றும் வெவ்வேறு நோய்கள். அவற்றுக்கு மருந்தும் வெவ்வேறு. மூன்றையும் ஒரு பெயரால் அழைப்பின், ட்ரிப் சுவிட்ச் ஒன்றைப் பொருத்திவிட்டால் வீடு முழுக் காவல் பெற்றுவிட்டது என்னும் பொய்ந்நம்பிக்கை வளரும். மூன்றாம் நோய்க்கு முன்னறிகுறிகள் சில உள: செருகி கைபொறாது சுடுதல், குதை பழுப்பேறுதல், கருகிய மணம் வீசுதல், விளக்கு மினுங்குதல். இவற்றுள் ஒன்று காணப்படினும் தலைமை ஆளியை நிறுத்தித் தகுதிபெற்ற மின்பணியாளரை அழைத்தல் வேண்டும். உயிருள்ள சுற்றில் மாணவர் தாமே அளவீடு செய்யப் புகுதல் கூடாது. அவர்தம் பயிற்சிக்கு மின்கலமும் ஆய்வுகூடமும் உள.

ஆயின், கணக்கிடுதற்குத் தடை யாதுமில்லை. வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவியின் அடியிலும் அதன் உவாற்று எண் பொறிக்கப்பட்டுள்ளது. அதனை 230ஆல் வகுத்து, ஒரு குதையிற் சேரும் ஓட்டங்களைக் கூட்டி, அக்குதைக்கும் கம்பிக்கும் விதித்த எல்லையோடு ஒப்பிடுதல் பத்தாம் வகுப்பு மாணவனுக்கும் கைவரும் செயல். வகுப்பறையில் மதிப்பெண்ணுக்காகக் கற்கும் வகுத்தலும் பெருக்கலும் வீட்டின் சுவருக்குள் மறைந்து கிடக்கும் சூட்டுகோலைக் காணும் கண்ணாக மாறுமாயின், அக்கல்வியே பயனுடைய கல்வியாகும்.